அம்மோனியாவை எரிக்கலாமா?

திருப்பரங்குன்றத்தில் தென்கால், நிலையூர்க் கண்மாய்களை நம்பி நடுகிற வயல்களுக்கு அம்மோனியா பழைய உறவு. அங்கே போடும் யூரியா அதிலிருந்து செய்வதுதான். இப்போது அதே அம்மோனியாவை அனல் மின்நிலையக் கொதிகலனில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்க ஆய்வுகள் நடக்கின்றன. மூலக்கூறில் கார்பன் இல்லை என்பது இதன் கவர்ச்சி. ஆனால் ஆர்வலர்கள் பலர் கணக்கைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பலம் உண்மையானது. ஜப்பானின் ஹெக்கினான் மின்நிலையத்தில், 1,000 மெகாவாட் அலகு ஒன்றில், 2024இல் ஜெரா, ஐஎச்ஐ நிறுவனங்கள் 20 சதவீத வெப்பத்தை அம்மோனியாவிலிருந்து பெற்றுக் காட்டின. நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும் என்ற அச்சம் இருந்தது. முன்பிருந்த அளவைத் தாண்டவில்லை என்று ஜெரா அறிவித்தது. மெதுவாகப் பரவும் அம்மோனியாத் தீயை அணையாமல் காத்தது பெரிய பொறியியல் சாதனை. சேமிப்பும் எளிது: ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும், அம்மோனியாவுக்கு மைனஸ் 33 போதும். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகளில் கிடைக்கும் மின்சாரத்தை அம்மோனியாவாக்கிக் காற்றில்லாத மாதங்கள் வரை தொட்டியில் வைத்திருக்கலாம். பேட்டரியால் அது கட்டுப்படியாகாது.

மீதிக் கணக்குதான் இடிக்கிறது. காற்றாலை, சூரிய மின்சாரத்தால் நீரைப் பிளந்து ஒரு டன் பச்சை அம்மோனியா செய்ய ஏறத்தாழ 10,000 யூனிட் செலவாகும். அதை அனல் நிலையத்தில் எரித்தால் திரும்புவது சுமார் 2,000 யூனிட். ஐந்தில் நான்கு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. 2025இல் மத்திய அரசின் செகி நிறுவனம் நடத்திய முதல் பச்சை அம்மோனியா ஏலத்தில் கிலோ விலை 55 ரூபாய் 75 காசு. அந்த விலைக்கு வாங்கி எரித்தால் எரிபொருள் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 28 ரூபாயை நெருங்கும். இயற்கை எரிவாயுவில் செய்த மலிவு அம்மோனியா இதற்கு மாற்றாகாது. ஒரு டன் செய்யும்போதே சுமார் இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுகிறது; நிலக்கரியைக் குறைத்து மிச்சமாவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மேலும், 20 சதவீதம் அம்மோனியா என்றால் 80 சதவீதம் நிலக்கரி தொடர்கிறது. மூட வேண்டிய பழைய நிலையத்துக்கு ஆயுள் நீட்டிக்க இது சாக்காகிவிடக் கூடாது.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் 3.87 கோடி ரூபாயில் தொடங்கிய முன்னோடித் திட்டம் அம்மோனியாவின் மூலப்பொருளான ஹைட்ரஜனை மணிக்கு 10 கன மீட்டர் உற்பத்தி செய்கிறது. அதில் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகள் எரிகின்றன. கையாளப் பழக இந்த அளவு நல்லது. அதையே மின்சாரத்துக்கான வழியாகப் பெருக்குவதை நான் ஏற்கவில்லை. கம்பி வழியே நேராக வரும் மின்சாரமே அந்த விளக்குகளுக்குப் போதும்.

ஆபத்தையும் ஒதுக்க முடியாது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவ மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். ஹெக்கினானைப் போன்ற அலகு ஒன்றில் 20 சதவீதம் கலக்கவே ஆண்டுக்கு சுமார் 5 லட்சம் டன் தேவை. அவ்வளவையும் குப்பங்களின் ஓரமாக இறக்கிச் சேமிக்கும் முன், கசிவைக் கண்டறியும் கருவிகளும் மக்களை வெளியேற்றும் ஒத்திகையும் தயாராக வேண்டும்.

பச்சை அம்மோனியா முதலில் போக வேண்டிய இடம் உர ஆலை. அங்கே அதற்கு மாற்றே இல்லை. செகி ஏலமும் உர ஆலைகளுக்காகத்தான் நடந்தது. ஒரு சிக்கல் உண்டு: யூரியாவுக்குக் கரியமில வாயுவும் தேவை, இன்று அது இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைத்துவிடுகிறது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்தே அந்த வாயுவைப் பிடித்து சோடா உப்பு செய்து காட்டியிருக்கிறது. பக்கத்திலேயே ஸ்பிக் யூரியா ஆலை. இவ்விரண்டையும் இணைப்பதற்கான செலவையும் நுட்பத்தையும் ஆராய மதுரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் முன்வரலாம். எரிக்கும் ஆய்வு நடக்கட்டும். ஆனால் அது காற்றும் வெயிலும் சேர்ந்து குறையும் சில வாரங்களில் அம்மோனியாவால் ஓடும் விசையாழிகளைப் பற்றியதாக இருக்கட்டும்.