யாரிடம் கேட்பது?

கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 1964-66 கோத்தாரி ஆணையம் சொன்னது. 1968இன் தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது. 2020இன் கொள்கையும் அதே எண்ணை மறுபடி எழுதிவைத்திருக்கிறது. இந்திய ஆசிரியர் சங்க மாநாடுகளில் இந்த எண் தீர்மானமாக நிறைவேறும், கைதட்டல் கிடைக்கும், மறுநாள் எல்லோரும் ஊதியக்குழு நிலுவையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். அதே 6 சதவீதம் தெருவுக்கு வந்தது இலங்கையில்.

2012 ஜூலை 4ஆம் திகதி பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் சம்பளத்துக்காகத் துறைத் தலைவர் பதவிகளைத் துறந்து போராடிய அதே அமைப்புதான். ஆனால் 2012இல் முன்னே நின்றது சம்பளம் மட்டும் அல்ல. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு என்ற முழக்கம் இருந்தது. அன்றைக்கு அரசு செலவிட்டது 2 சதவீதத்துக்கும் குறைவு. சம்மேளனத்தின் தலைவராக இருந்த நிர்மால் ரஞ்சித் தேவசிறி கொழும்புப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிப்பவர். ஆகஸ்டில் உயர்கல்வி அமைச்சர் எஸ். பி. திசாநாயக்க, மருத்துவ பீடங்களைத் தவிரப் பல்கலைக்கழகங்களை எல்லாம் மூடச் சொன்னார். செப்டம்பரில் விரிவுரையாளர்கள் காலியிலிருந்து கொழும்புவரை நடந்தார்கள். அக்டோபரில், ஏறத்தாழ நூறு நாட்களுக்குப் பிறகு, போராட்டம் முடிந்தது. 6 சதவீதம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த எண் அதன்பிறகு தேர்தல் மேடைகளில் அரசியல்வாதிகள் தவிர்க்க முடியாத எண்ணாகிவிட்டது.

இது ஏன் அங்கே சாத்தியமானது? இலங்கை ஆசிரியர்களுக்குத் துணிச்சல் அதிகம் என்று சொல்வது சுலபம், அது சரியில்லை. அங்கே கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான். அரச பல்கலைக்கழகங்களில் மிகப் பெரும்பாலானவை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் வழியிலும் ஒரே மானியங்கள் ஆணைக்குழுவின் கீழும் இயங்குகின்றன. பணம் ஒரே திறைசேரியிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்து விரிவுரையாளரும் றுகுணு விரிவுரையாளரும் ஒரே சம்பளச் சுற்றறிக்கையைத்தான் படிக்கிறார்கள். ஆகவே சம்மேளனத் தலைவர் கூட்டும் ஒரு கூட்டத்தால் நாட்டின் அரச உயர்கல்வியை ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்த முடியும். அப்படி நிறுத்தும்போது, எங்களுக்குச் சம்பளம் போதவில்லை என்று மட்டும் சொன்னால் ஊர் சிரிக்கும். பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்ல ஒரு பெரிய காரணம் வேண்டும். 6 சதவீதம் அந்தக் காரணம்.

தமிழ்நாட்டில் ஒரு சங்கத் தலைவர் காலையில் எழுந்தால் முதல் கேள்வி, யாரிடம் கேட்பது என்பதுதான். அரசுக் கல்லூரி என்றால் உயர்கல்வித் துறை. உதவிபெறும் கல்லூரி என்றால் செயலர், இணை இயக்குநர் அலுவலகம், பல்கலைக்கழகம் மூன்றும். சுயநிதி வகுப்பு என்றால் அதே வளாகத்தில் வேறு சம்பளம், வேறு சட்டம். பல்கலைக்கழகம் என்றால் துணைவேந்தர், அவரும் இருந்தால். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறியில் நாற்காலி காலியாகவே இருந்தது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் வாசலில் நின்றார்கள். வரி கேட்பது ஒன்றிய அரசு. மானியத்தைத் தணிக்கைத் தடையைக் காட்டிக் குறைத்தது மாநில அரசு. துணைவேந்தர் இல்லாததால் கையெழுத்துப் போட வேண்டியது ஒருங்கிணைப்புக் குழு. மனுவின் மேலே ‘பெறுநர்’ என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது?

அதனால் தமிழ்நாட்டுத் தலைமை கோப்புகளால் ஆன தலைமை. தென்மாவட்டங்களில் ‘மூட்டா’, வடக்கே ‘ஏயூடி’ என்ற கல்லூரி ஆசிரியர் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இது தெரியும். சங்கத்தின் முகம் பெரும்பாலும் தலைவர் அல்ல, பொதுச்செயலாளர். ஒரு கல்லூரியில் ஒருவரை நிர்வாகம் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால், எந்த விதிப்படி, யாருடைய முன்அனுமதியோடு என்று கேட்டு மறுநாள் வந்து நிற்பவர் அவர்தான். அந்தக் கேள்விக்குப் பலம் கொடுப்பது 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் ஆசிரியரை வேலையைவிட்டு அனுப்ப முடியாது என்று அது சொல்கிறது. மதுரைப் பல்கலைக்கழக எல்லை பிரிந்து நெல்லையில் 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது; மூட்டா பிரியவில்லை. நிர்வாகங்கள் எத்தனை ஆனாலும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையும் ஆட்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற புத்திசாலித்தனம் அது.

சட்டமும் இந்தத் திசையில்தான் தள்ளியது. ஆசிரியர் தொழிற்தகராறுச் சட்டப்படி ‘தொழிலாளர்’ அல்ல என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்று அந்த ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பலர் உள்ளே வந்தார்கள். அந்தக் கடிதத்தின் நினைவு இருக்கிற தலைவர் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்ற சொல்லை எடுக்கும் முன் நாலு தடவை யோசிப்பார். வாயிற்கூட்டம், தர்ணா, ஒருநாள் அடையாளப் போராட்டம் என்று படியேறிப் போவதைக் கோழைத்தனம் என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரு நாட்டிலும் பொதுவான ஆயுதம் ஒன்று உண்டு: விடைத்தாள். 2016 மே மாதம் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியரின் பணிச்சுமையைக் கூட்டி விதி திருத்தியது. நந்திதா நாராயண் தலைமையில் இருந்த டில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் விடைத்தாள் திருத்த மறுத்தது. பணிச்சுமை கூடினால் ஆயிரக்கணக்கான தற்காலிக ஆசிரியர்கள் வேலை இழப்பார்கள் என்பது வாதம். திருத்தத்தில் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. 2023இல் இலங்கை. சர்வதேச நாணய நிதியத்தின் கடனையொட்டி ஜனவரியில் வருமான வரி ஏறியது. அதை எதிர்த்துச் சம்மேளனம் உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலகி நின்றது. அது பரீட்சைத் திணைக்களத்துக்காகச் செய்யும் கூடுதல் வேலை. மறுப்பதில் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் பெறுபேற்றுக்காக நாடு முழுவதும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஏப்ரலில் திருத்தும் பணி தொடங்கியது, பெறுபேறு செப்டம்பரில் வந்தது. 2012இல் உடன் நின்ற பெற்றோர் 2023இல் உடன் நிற்கவில்லை. எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்த ஒரு நாட்டில், நடுத்தரத்துக்கு மேற்பட்ட சம்பளக்காரர் தம் வரிக்காக மாணவரின் விடைத்தாளைப் பிடித்துவைத்ததாகத்தான் அது தெரிந்தது. வரி அநியாயமாகவே இருக்கலாம். ஆயுதத்தையும் கோரிக்கையையும் பொருத்தியதில்தான் தவறு, அதற்குப் பொறுப்பு தலைமைக்கே.

டில்லிச் சங்கத்தில் தலைவர் பதவி நேரடித் தேர்தலில் கிடைப்பது. ஜனநாயக ஆசிரியர் முன்னணி இடதுசாரி, தேசிய ஜனநாயக ஆசிரியர் முன்னணி சங்கப் பரிவாரத்தின் பக்கம். இன்னும் பல அணிகள். அந்தத் தலைவர் நாற்காலியில் இருந்த ஓம் பிரகாஷ் கோலி பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரும் குஜராத் ஆளுநருமானார். கட்சி இருப்பது கெட்டது என்று சொல்லமாட்டேன். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப ஆள் கிடைக்கும். ஆட்சியும் சங்கமும் ஒரே நிறத்தில் இருக்கும்போதுதான் வாய் கட்டிப்போகிறது.

இலங்கைத் தலைமைக்கு வேறொரு விலை உண்டு. வடக்கில் அது உயிர்விலை. யாழ்ப்பாணத்தில் 1988இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு தொழிற்சங்கம் அல்ல. ஆனாலும் ஆசிரியர்கள் ஆசிரியர்களாகவே கூடிப் பேசியதன் தொடர்ச்சி. அதன் நிறுவனர்களில் ஒருவரான உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். போர் முடிந்து ஐந்தாண்டு கழித்து, 2014 மே மாத நினைவேந்தல் நாட்களில் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, யாழ்ப்பாண ஆசிரியர் சங்கத் தலைவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. சம்பள உயர்வுக்குத் தெற்கோடு கைகோத்து நிற்பவர், அடுத்த வாரம் வளாகத்துக்குள் விளக்கேற்றும் உரிமையைக் கேட்க வேண்டும். இரண்டாவது கோரிக்கையில் தெற்கு எவ்வளவு தூரம் கூட வரும் என்பது, கொழும்பில் அப்போது சம்மேளனத்தை நடத்துபவர்களைப் பொறுத்தது.

சங்கத்துக்குள் யார் என்ற கேள்வியில் டில்லி முந்தி நிற்கிறது. அங்கே தற்காலிக ஆசிரியர்களுக்கு வாக்கு இருந்தது. ஆகவே 2019 டிசம்பரில் அவர்களுடைய வேலைக்கு ஆபத்து வந்தபோது துணைவேந்தர் அலுவலகத்தையே ஆசிரியர்கள் முற்றுகையிட்டார்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் ஏராளமான பாடவேளைகளைச் சுமக்கிறார்கள். அவர்களுக்குத் தனிச் சங்கங்கள், தனிப் பந்தல்கள். நிரந்தரப் பேராசிரியர்களின் சங்கத் தலைவர் அந்தப் பந்தலுக்கு வந்து ஆதரவு தெரிவித்து, வாழ்த்துரை வழங்கி, வண்டியேறிப் போகிறார்.