விடியுமட்டும் ஒலித்த வில்

வாக்கேயக்காரர் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் நினைவு காவேரிக் கரைக்குச் சென்றுவிடுகிறது. நாஞ்சில் நாட்டுக்காரர்களாகிய நாமுங்கூட, 1839-இல் வடிவீசுவரத்தில் பிறந்து சிவபக்திக் கீர்த்தனங்களை இயற்றிப் பாடிய நீலகண்ட சிவனை எண்ணிப் பெருமை கொள்வதோடு அமைந்துவிடுகிறோம். ஆனால், சுடலைமாடனும் இசக்கியும் முத்தாரம்மனும் குடிகொண்ட சிறு கோயில்களில், கொடை விழா நாளன்று கிழக்கு வெளுக்குமட்டும் வில்லின் முன் அமர்ந்து பாடுகிற வில்லுப்பாட்டுப் புலவரும் அந்தப் பெயருக்கு உரியவரே என்பது என் உறுதியான அபிப்பிராயம். கதைப்பாட்டின் அடிகள் பெரும்பாலும் ஏட்டில் எழுதியிருப்பவைதாம். எனினும் அவற்றிற்கு மெட்டமைப்பதும், இடையிடையே வசனம் கோப்பதும், எந்த இடத்தில் விரைவது, எந்த இடத்தில் நின்று அழவைப்பது என்று முடிவு செய்வதும் அவருடைய சொந்த சாமர்த்தியமே அன்றி ஏட்டின் காரியம் அல்ல. புதுக்கதை கட்டிப் பாடியவர்களும் பலர் உண்டு. ஒரு பாடகருடைய நாதம் காலப்போக்கில் எவ்வாறு மாறிக் கனிகிறது என்பதை வெளிநாட்டு விமர்சகர்கள் இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஆராய்கிறார்கள். நம் புலவருக்கோ நெடுங்காலம் இசைத்தட்டு என்பதே இல்லை. ஓர் இரவுதான் இருந்தது. அந்த இரவு சுருங்கியபோது அவருடைய நாதத்திற்கு வந்த லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்பதையே இங்கு நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

கொடையில் ஒலியே ஒரு யாத்திரை செய்கிறது. குடத்தின் கழுத்தில் சாய்த்துக் கட்டிய நீண்ட வில். அதன் தண்டில் தொங்கும் மணிகள். நாணின்மேல் விழும் வீசுகோல்கள். குடத்தின் வாயில் மட்டையால் அறையும்போது அதன் வயிற்றிலிருந்து எழும் கனத்த ஓசை. உடுக்கை, ஜால்ரா, கட்டை: இவ்வளவும் முன்னிரவில் ஒன்றையொன்று பார்த்துக் கொண்டு, அவசரமின்றி நடக்கின்றன. காப்பும் குருவணக்கமும் பாடி, நாட்டு வளம் சொல்லி, தெய்வத்தின் பிறப்பை விரிக்கும் வரையில் புலவர் ஏறக்குறையப் பேசுகிற குரலில்தான் பாடுவார். குழந்தைகள் உறங்குவார்கள், பெண்கள் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவார்கள், யாரும் குறை சொல்வதில்லை. நடுச்சாமப் பூசை நெருங்கி, கதையில் தலைவனோ தலைவியோ கொலையுறும் கட்டம் வரும்போது வசனம் குறைந்து பாட்டு மிகுகிறது, தாளம் இறுகுகிறது, குரல் மேல் ஸ்தாயியில் நின்றுவிடுகிறது. சாமியாடுகிற கோமரத்தாடியின் உடலில் நடுக்கம் கண்டதும் புலவர் ஏட்டை மறந்து அவர் முகத்தையே பார்த்துப் பாடுகிறார். குமரி மாவட்டத்தில் தங்கி இக்கலையை ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இக்கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என வகுத்து, சடங்கின் உச்சம் மரணத்தைப் பாடும் இடத்தோடு பிணைந்திருப்பதை விளக்கியிருக்கிறார். சாமியாட்டத்தைத் தனியாகவும் சங்கீதத்தைத் தனியாகவும் பிரித்துப் பேச இயலாது என்பதற்கு அவருடைய ஆராய்ச்சியை விடவும் ஒரு கொடையில் விழித்திருப்பது நல்ல சாட்சி.

இனி, வலத்தே பாடுபவர், இடத்தே பாடுபவர் என்ற ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். வலப்புறத்துப் புலவர் ஓர் அடியைத் தொடங்கினால் இடப்புறத்தவர் அதை வாங்கி முடிக்கிறார் அல்லது திருப்பிப் பாடுகிறார். ஒரே மனிதர் பத்து மணி நேரம் பாட முடிவது இந்தக் கைமாற்றினால்தான். அதைவிட முக்கியமாக, துக்கம் ஒரு குரலுக்கு மட்டும் சொந்தமாக இராமல் இரு குரல்களுக்கு இடையே அலைந்து ஊராருடையதாகிவிடுவதும் இதனால்தான். முத்துப்பட்டன் கதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் தம் கணவனுடைய பிணத்தின்மேல் விழுந்து அரற்றும் இடத்தை (இக்கதையை அச்சில் பதிப்பித்த நா. வானமாமலை அவர்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது) இரு குரலில் கேட்டவர்கள், ஒரு குரலில் கேட்டு அதே நிறைவை அடைவது அரிது.

முதல் மாற்றம் ஹார்மோனியத்தோடும் ஒலிபெருக்கியோடும் வந்தது. இவற்றைப் பழித்துப் பேசுவது பண்டிதர்களுக்கு எளிது. நான் அப்படிப் பழிக்கமாட்டேன். சுருதி பிடிக்கத் திணறிய எத்தனையோ பாடகர்களுக்கு ஹார்மோனியம் நிலையான தரையைக் கொடுத்தது; பின்பாட்டுக்காரர்கள் ஒத்துப் பாடுவதும் அதனால் சுலபமாயிற்று. ஒலிபெருக்கி வந்தபின், எட்டூருக்குக் கேட்கும்படி கத்த வேண்டிய அவசியம் நீங்கி, மெல்லிய குரலிலும் ஒரு வார்த்தைக்கு நயம் கூட்டலாம் என்ற வசதி பிறந்தது. அந்த வசதி பெண்களும் வில்லின் முன் தலைமைப் பாடகர்களாக அமர்வதற்குப் பெருந்துணை புரிந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் உடுக்கையின் கயிற்றை இறுக்கித் தளர்த்தும்போது எழுகிற வளைந்த ஓசையும், ஒப்பாரிப் பிரயோகங்களில் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குரலும் ஹார்மோனியத்தின் கட்டைகளுக்குள் அடங்கா. கட்டைக்குக் கட்டுப்பட்ட குரல் நாளடைவில் வழுக்குவதை மறந்தது. அந்த இடத்தில் நாடக மெட்டும் சினிமா மெட்டும் வந்து உட்கார்ந்தன.

இரண்டாவது மாற்றம் ஒரு மகா கலைஞருடைய பெயரோடு சேர்ந்தது. 1908-இல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், சொந்த மண்ணின் வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து எடுத்து நகர மேடையில் வைத்தார். காந்தியடிகளின் சரித்திரத்தை வில்லில் பாட வேண்டும் என்ற ஆவலால், சத்திரம் புதுக்குளத்தைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று எழுதச் செய்தார். 1928-இல் பிறந்த அவ்விளைஞர் பின்னர் தாமே இயற்றித் தாமே பாடும் வில்லிசைக் கலைஞராகப் புகழ்பெற்று, இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் வில்லிசையாக்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, மறு ஆண்டு மறைந்தார். கொடை கேட்டு வளர்ந்த சிலர் இந்த மேடை வில்லிசையைக் கலப்படம் என்று சொல்லி ஒதுக்குவதை நான் கேட்டிருக்கிறேன். அதில் நியாயம் இல்லை. கணியாகுளத்துப் போரில் மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும் 17-ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றியதுதானே! சமீபத்தில் கொல்லப்பட்ட உத்தமனைப் பாடுவது வில்லுக்குப் புதிதல்ல. அந்த வகையில் காந்தி கதை சம்பிரதாயத்தின் மெய்யான வாரிசு என்றுகூடச் சொல்வேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மேடை வில்லிசையில் வசனம் அரசாண்டது. கலைவாணரின் மேதை பேச்சில் இருந்தது. அவர் வழியில் வந்தவர்களும் கருத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்வதிலும், சமயோசிதமாகச் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைப்பதிலும் தேர்ந்தவர்கள். அதனால் இடப்புறத்தவர், அடியை வாங்கிப் பாடுகிற இணைப் பாடகராக இராமல், ‘ஆமாம்’ போட்டுக் கேள்வி கேட்கும் துணைவராக மாறினார். கேட்போருக்கு விஷயம் விளங்கியது; விளங்காத ஒன்று நெஞ்சில் ஏறிக்கொண்டே போகும் அநுபவம் குறைந்தது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் ஏறிச்செல்ல இடம் ஏது? முதல் அடியிலேயே முழு வேகத்தில் தொடங்கி, அதே வேகத்தில் முடிப்பதே முறையாயிற்று.

ஒலிநாடாக்களின் காலம் இந்தக் குறையை இன்னும் கூர்மையாக்கிற்று. 1984-இல், இந்தியாவிலேயே முதலாவது உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் அமைந்தது. அதே காலத்தை ஒட்டி நாடாக்களும் சந்தைக்குச் சந்தை விற்பனைக்கு வந்தன. எங்கள் ஊர்க் கொடையில் ஆண்டுதோறும் பாடிவந்த புலவர் ஒருவருடைய நாடாக்களை நான் வரிசையாக வாங்கிக் கேட்டேன். முதல் நாடாவில் அவர் கொடையில் பாடியபடியே பாடியிருந்தார். பக்கத்திற்கு முப்பது நிமிஷமே கொள்ளும் நாடாவில், நாட்டு வளமும் பிறப்பும் முதற்பக்கத்தை விழுங்கிவிட, மரணத்திற்கு இடமில்லாமல் கதை அறுந்து நின்றது. அடுத்தடுத்த நாடாக்களில் அவர் பாடம் கற்றார். நாட்டு வளம் சுருங்கிற்று. வில்லின் மணிகள் குரலை மறைக்காதபடி தூரத்தில் வைக்கப்பட்டன. உச்சரிப்பு பளிங்குபோல் ஆயிற்று. பின்னர் தாள இயந்திரமும் விசைப்பலகையும் சேர்ந்தன. நடுவில் வந்த ஒரு நாடாவைச் சிறந்த படைப்பு என்றே மதிக்கிறேன். அதில் அவர் முழுக்கதையைச் சொல்ல முயலாமல், இசக்கி பிள்ளையோடு வழிநடக்கும் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டு, குடமும் உடுக்கையும் மாத்திரம் துணையாக, இடப்புறத்துத் தோழருக்குச் சமபங்கு கொடுத்துப் பாடியிருந்தார். சிறிய காலத்திற்குள் பெரிய இரவை அடைக்க வேண்டியதில்லை, அந்த இரவிலிருந்து ஒரு நாழிகையை வெட்டி முழுமையாகக் கொடுத்தால் போதும் என்பதை அவர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுகொண்டார். அது அதிகம் விற்கவில்லை என்று கேள்வி. அதன்பின் வந்த நாடாக்களில் அந்த வழியை அவர் தொடரவில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

இன்னொரு விளைவையும் சொல்லியாக வேண்டும். இளம் பாடகர்கள் குருவின் அருகில் இடப்புறம் அமர்ந்து பல ஆண்டுகள் வாங்கிப் பாடிக் கற்ற வித்தையை, இப்போது பதிவுகளில் கேட்டே கற்கிறார்கள். நல்ல உச்சரிப்பும் கதைகளின் பரிச்சயமும் விரைவில் கைவருகின்றன என்பது மெய். ஆனால் பதிவில் இல்லாதது அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கோமரத்தாடியின் முகத்தைப் பார்த்துத் தாளத்தை இறுக்கும் இடம் எந்தப் பதிவிலும் இல்லை. ஆகையினால் கொடையிலேயே பதிவின் வேகத்தில் பாடுகிறார்கள். நடுச்சாமத்திற்கு வெகு முன்னரே உச்சத்தை எட்டிவிட்டு, மிஞ்சிய நேரத்தை நிரப்ப வழியின்றிப் பக்திப் பாடல்களைப் பாடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கொடையில், நடுச்சாமப் பூசைக்குச் சற்று முன்னர், ஒலிபெருக்கி திடீரென்று நின்றுபோயிற்று. ஹார்மோனியக்காரரும் கையை எடுத்துவிட்டார். வில்லின் முன் இருந்தவர் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண். ஒரு கணம் தயங்கி, குடக்காரரைத் திரும்பிப் பார்த்து, தாளத்தைப் பாதியாகக் குறைத்து, கீழ் ஸ்தாயியில் கதையை மீண்டும் எடுத்தார். இடப்புறம் இருந்த முதியவர் அவர் விட்ட அடியை வாங்கினார். மணிகளின் ஓசை அப்போதுதான் தனியாகக் கேட்டது. ஒலிபெருக்கி சரியாகிவிட்டது என்று ஒருவர் வந்து சைகை காட்டியபோது, அந்தப் பெண் அவரைக் கவனிக்கவே இல்லை. அவருடைய கண்கள் கோமரத்தாடியின் முகத்தில் இருந்தன.