இளம் ஷார்ட்ஸ்டாப்பை ரசிப்பது எப்படி?

1993. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்பரோ நகரம். அங்குள்ள மைனர் லீக் பேஸ்பால் அணிக்கு ஆடிய 19 வயது இளைஞர் ஒருவர் 126 ஆட்டங்களில் 56 எரர், அதாவது தடுப்புப் பிழை, செய்தார். ஏறக்குறைய இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று. அதே ஆண்டு, இளம் ஆட்டக்காரர்களைக் கூர்ந்து கவனித்து எழுதும் ‘பேஸ்பால் அமெரிக்கா’ பத்திரிகை, அந்த லீகின் சிறந்த தடுப்பாட்ட ஷார்ட்ஸ்டாப் என்று அவரையே தேர்ந்தெடுத்தது. உள்வட்டத் தடுப்பாளர்களான இன்ஃபீல்டர்களில் எறிகை வலிமை மிக்கவரும் அவர்தான் என்றது. அந்த இளைஞர் டெரெக் ஜீட்டர். நியூயார்க் யாங்கீஸின் தலைவராகி, 3,465 ஹிட் அடித்து, 2020-இல் 397 வாக்குகளில் 396 பெற்று ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானவர்.

56 பிழைகள் செய்தவர் எப்படிச் சிறந்த தடுப்பாளர் ஆனார்? இது புரிந்துவிட்டால் இளம் இன்ஃபீல்டர்களை ரசிக்கும் வழி திறந்துவிடும். என்னைக் கேட்டால், பேஸ்பாலில் பெரிய நட்சத்திரங்களைப் பார்ப்பதைவிட வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு ஷார்ட்ஸ்டாப்பைப் பார்ப்பதுதான் அதிக சுகம்.

கிரிக்கெட்டில் பாயிண்டில் நிற்பவர் பந்தை நழுவவிட்டால் ஒரு ரன் போகும், வர்ணனையாளர் உச்சுக்கொட்டுவார், அத்தோடு சரி. ஸ்கோர் அட்டையில் அவர் பெயர் ஏறாது. பேஸ்பாலில் ஏறும். மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர், ‘சாதாரண முயற்சியிலேயே அவுட் ஆக்கியிருக்கலாம்’ என்று கருதினால் அது எரர். வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்கு கூடவே வரும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எட்டாத பந்துக்கு எரர் கிடையாது. சோம்பலாக இரண்டு அடி நகர்ந்துவிட்டுப் பந்தைப் போகவிட்டவர் கணக்கில் கறை விழாது, அடித்தவருக்கு ஹிட் எழுதிவிடுவார்கள். ஓடிப்போய் எட்டிப் பிடித்து, நிலைதடுமாறி எறிந்து, அது முதல் பேஸ்காரரின் தலைக்கு மேல் போனால்தான் மாட்டிக்கொள்வார். ஆகவே பத்தொன்பது வயதுக்காரரின் எரர் எண்ணிக்கையைப் பார்த்ததும் முகம் சுளிக்க வேண்டாம். எந்தெந்தப் பந்துக்கு ஓடினார், பிடிப்பதில் தவறினாரா எறிவதில் தவறினாரா என்று கேளுங்கள். பிடிக்கும் கை சரியாக இருந்து எறிதல் மட்டும் சிதறினால் நம்பிக்கையோடு காத்திருக்கலாம். எறிதலைத் திருத்த முடியும். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டி உணரும் புத்தியை ஊட்டுவதுதான் கடினம்.

முதலில் ஒரே ஒரு கிரவுண்டரை, அதாவது தரையோடு வரும் பந்தை, நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே. வலக்கை பேட்டர்கள் இழுத்து அடிக்கும் பந்துகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். பந்தெறியும் பிட்ச்சரின் கை சுழலும்போது ஷார்ட்ஸ்டாப்பின் பாதங்களைப் பாருங்கள். பந்து பேட்டரை நெருங்கும் அந்த நொடியில் அவர் சின்னதாக ஒரு துள்ளல் போட்டு முன்பாதங்களில் வந்து இறங்குவார். இறங்கும் நேரமும் பேட் பந்தில் படும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதாக இறங்கினால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பிந்தினால் பந்து கடந்துவிடும்.

பந்து அடிபட்டுத் தரையில் குதித்து வருகிறது. முன்னால் ஓடிச் சந்திப்பதா, நின்று வாங்குவதா என்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். தரையில் பட்டு எழும்பிய உடனே பிடிப்பது எளிது, முழுதாக எழும்பி இறங்கும்போது பிடிப்பதும் எளிது. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வரும் பந்துதான் ஆளைக் கவிழ்க்கும். நல்ல ஷார்ட்ஸ்டாப் தன் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த இடைநிலையைத் தவிர்ப்பார். கிளவ் உடம்புக்கு முன்னால், தரையோடு தரையாக, விரிந்திருக்கும். அது கீழிருந்து மேலே வரும். மேலிருந்து கீழே குத்தாது. பந்து கிளவுக்குள் விழுந்ததும் வெறுங்கை மூடும், விரல்கள் தையலைத் தேடும், கால்கள் முதல் பேஸை நோக்கித் திரும்பும். பிறகு 35 மீட்டருக்கும் மேற்பட்ட தூரம் எறிய வேண்டும். பேட்டர் முதல் பேஸுக்கு ஓட வேண்டிய தூரம் 27.43 மீட்டர். நல்ல ஓட்டக்காரருக்கு நாலே கால் விநாடி போதும். மேலே சொன்ன அத்தனையும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

தொலைக்காட்சியில் இதைப் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கேமரா பெரும்பாலும் பிட்ச்சரின் முதுகுக்குப் பின்னாலிருந்து காட்டும், ஷார்ட்ஸ்டாப் கண்ணில் படவே மாட்டார். மறுஒளிபரப்பைத் தவறவிடாதீர்கள், நல்ல துள்ளலும் கால் மாற்றமும் அங்கேதான் தெரியும். மைதானத்தில் இருந்தால் பிட்ச்சரை விட்டுவிட்டுக் கண்ணை இவர்மேலேயே வைத்திருங்கள்.

இனி ஜீட்டரின் கதைக்கு வருகிறேன். 1974-இல் நியூ ஜெர்சியில் பிறந்து மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் வளர்ந்தவர். அவர் அப்பாவும் கல்லூரி நாட்களில் ஷார்ட்ஸ்டாப் ஆடியவர்தான். புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1992 டிராஃப்டில் ஐந்து அணிகள் அவரைத் தாண்டிப் போயின, ஆறாவதாக யாங்கீஸ் எடுத்தது. முதல் வாய்ப்பு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு. அவர்களின் திறனறிவாளராக இருந்த முன்னாள் பிட்ச்சர் ஹால் நியூஹவுசர், ஜீட்டரை எடுங்கள் என்று வற்புறுத்தினார். அணி வேறொருவரை எடுத்தது. நியூஹவுசர் வேலையை விட்டே விலகிவிட்டார். ஒரு பள்ளி மாணவனின் ஆட்டத்தைப் பார்த்து அவ்வளவு உறுதி கொள்ள முடிந்த கண்களை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

ஆனால் ஆரம்பம் நியூஹவுசரைப் பொய்யாக்குவதுபோலத்தான் இருந்தது. ஃபுளோரிடாவின் டாம்பாவில், ஆட்கள் அதிகம் வராத மைதானங்களில், கொளுத்தும் வெயிலில் ஆடும் கடைநிலை லீக். முதல் நாள் இரண்டு ஆட்டங்கள். ஏழு முறை பேட் பிடித்து ஒரு ஹிட்கூட இல்லை. அந்தக் கோடையில் அங்கே அவர் சராசரி .202. அதாவது ஐந்து முறைக்கு ஒரு ஹிட். உயர்நிலைப் பள்ளியில் யாராலும் அடக்க முடியாதவராக இருந்தவர், இரவில் அறையில் அழுததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டுதான் அந்த 56 எரர்.

1993 சீசன் முடிந்ததும் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. கையில் அடிபட்டிருந்ததால் அவரால் பேட் பிடிக்க முடியவில்லை. அணி நிர்வாகம் அவரை டாம்பாவுக்கு அழைத்து, பிரையன் பட்டர்ஃபீல்ட் என்ற பயிற்சியாளரிடம் ஒப்படைத்தது. ஐந்து வாரம் முழுக்க முழுக்கத் தடுப்பாட்டம். கிளவை எங்கே வைப்பது, பந்தை எப்படி உடம்புக்கு முன்னால் வாங்குவது, எறியும் முன் கால் எங்கே விழ வேண்டும் என்று அடிப்படையிலிருந்து தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மூன்று படிநிலைகளில் ஆடியும் மொத்த எரர் 25-ஆகக் குறைந்தது. பேட்டிங் சராசரி .344, திருடிய பேஸ்கள் 50. மைனர் லீகின் ஆண்டுச் சிறப்பு ஆட்டக்காரர் என்ற பட்டமும் வந்தது. இந்த மாதிரி இடைவெளிகளைத் தேடிப் படியுங்கள். ஓர் இளம் ஆட்டக்காரர் இரண்டு சீசன்களுக்கு நடுவே என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டு அடுத்த ஆட்டத்தைப் பார்த்தால், அதே கிரவுண்டர் வேறு மாதிரி தெரியும்.

நேரில் பார்க்க முடியாத ஆட்டங்களையும் ரசிக்கலாம், அதற்குக் கொஞ்சம் எண் மொழி பழக வேண்டும். ஒவ்வொரு தடுப்பு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்ச்சர் 1, முதல் பேஸ்காரர் 3, இரண்டாவது பேஸ்காரர் 4, ஷார்ட்ஸ்டாப் 6. ஸ்கோர் தாளில் 6-3 என்றிருந்தால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட். 6-4-3 என்றால் ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட், டபுள் பிளே. ஓர் இளம் ஷார்ட்ஸ்டாப்பின் தாளில் 6-3 வரிசையாக வருவதைப் பார்த்தாலே மனம் நிறையும். ஆர்ப்பாட்டம் இல்லாத வேலையை அவர் ஒழுங்காக முடித்திருக்கிறார் என்று பொருள்.

பேட்டிங்கைப் பற்றி ஒன்று மட்டும். ஜீட்டர் வலக்கை ஆட்டக்காரர், ஆனால் உள்பக்கம் வரும் பந்தைக்கூடக் கைகளை முன்னே விட்டு, பேட்டின் தலையைப் பின்னே இழுத்துவந்து வலப்பக்கம் தட்டிவிடுவார். பார்க்க அழகான வீச்சு என்று சொல்ல மாட்டேன். பந்தைக் கடைசி நொடிவரை பார்க்க அது அவருக்கு அவகாசம் தந்தது.

1995 மே 29. சியாட்டிலில் யாங்கீஸுக்காக முதல் ஆட்டம். ஐந்து முறை பேட் பிடித்து ஹிட் இல்லை; மறுநாள்தான் முதல் ஹிட். 13 ஆட்டங்கள் ஆடியபின் ஜூனில் அவரைத் திரும்பவும் மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். அதே நாளில் கூடவே அனுப்பப்பட்டவர் மரியானோ ரிவேரா என்ற பிட்ச்சர். அடுத்த வசந்தத்தில், இந்தப் பையன் இன்னும் பழுக்கவில்லை என்று அணி நிர்வாகத்தில் சிலர் தயங்கினார்கள். சியாட்டிலின் ஷார்ட்ஸ்டாப் ஃபீலிக்ஸ் ஃபெர்மினை வாங்க, ரிவேராவையே விட்டுக்கொடுக்கலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. புதிய மேலாளர் ஜோ டோரியின் தரப்பினர் ஜீட்டருக்கு அவகாசம் கேட்டார்கள், பேச்சு நின்றது. ரிவேரா பிறகு 652 சேவ்களோடு, அதாவது அணியின் முன்னிலையைக் காத்து முடித்துத் தந்த ஆட்டங்களோடு, ஓய்வுபெற்றார். அந்தச் சாதனை இன்றும் அவருடையதே.

1996 ஏப்ரல் 2, கிளீவ்லாந்து. சீசனின் முதல் ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் டென்னிஸ் மார்ட்டினெஸின் பந்தை ஜீட்டர் ஹோம் ரன் அடித்தார். செய்தித்தாள்களுக்கு அது போதும். நீங்கள் பார்க்க வேண்டியது ஏழாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 2-0 என்று முன்னிலை, இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸில் எதிரணி ஓட்டக்காரர். ஓமர் விஸ்கெல் அரைகுறையாக உயர்த்திய பந்து இன்ஃபீல்டைத் தாண்டிப் புல்வெளியில் விழப்போகிறது. விழுந்தால் ரன் நிச்சயம். ஜீட்டர் முகத்தைத் திருப்பி, இன்ஃபீல்டுக்கு முதுகு காட்டி ஓடுகிறார். தோளுக்கு மேலாக இறங்கும் பந்தை ஓடியபடியே கிளவில் வாங்குகிறார். இந்தக் காட்சியைப் பார்க்கும்போது பந்தை மறந்துவிட்டு அவர் திரும்பும் முதல் அடியை மட்டும் பாருங்கள். பந்து எங்கே இறங்கும் என்ற கணக்கு அந்த ஓரடியில் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு 157 ஆட்டங்கள், சராசரி .314, எரர் 22. ஒருமனதாக ஆண்டின் சிறந்த புதுமுகம். அக்டோபரில் அட்லாண்டாவை வென்று யாங்கீஸ் 1978-க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடர் கோப்பையைத் தொட்டது.

ஜீட்டரின் தடுப்பாட்டம் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. சிறந்த தடுப்பாளர்களுக்கான தங்கக் கிளவ் விருதை ஐந்து முறை பெற்றவர். ஆனால் நவீனப் புள்ளிவிவரங்கள், அவர் எட்டிய பரப்பு குறைவு என்றும், குறிப்பாக இடப்புறப் பந்துகளில் பின்தங்கினார் என்றும் கணக்குக் காட்டுகின்றன. அந்தக் கணக்கை நான் ஏற்கிறேன். வலப்புறம் வெகுதூரம் ஓடி, எழும்பி, காற்றிலேயே உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறியும் அவருடைய அந்த எறிதலின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்தான் முழுமையாக ரசிப்பவர்.

தொடக்கத்தில் தடுமாறியது ஜீட்டர் மட்டுமல்ல. பிலடெல்பியாவின் மூன்றாவது பேஸ்காரர் மைக் ஷ்மிட் 1973-இல் .196 அடித்தார்; மறு ஆண்டே 36 ஹோம் ரன்களோடு நேஷனல் லீகில் முதலிடம். பால்டிமோரின் கால் ரிப்கன் 1981-இல் 39 முறை பேட் பிடித்து .128, அடுத்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

மேஜர் லீகின் வழக்கமான சீசன் வசந்தத்தில் தொடங்கிச் செப்டம்பர் முடிய நீளும். நியூயார்க்கில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் கோடை ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் அதிகாலை 4.30. முழு ஆட்டமும் பார்க்க வேண்டியதில்லை. இருபது, இருபத்தொரு வயதில் அணிக்கு வந்திருக்கும் ஒரு ஷார்ட்ஸ்டாப்பைத் தேர்ந்தெடுத்து, மூன்று இன்னிங்ஸ் அவரை மட்டும் பாருங்கள். அவர் எரர் செய்துவிட்டால் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள், அடுத்த பந்துக்கு அவர் எப்படித் தயாராகிறார் என்பதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.