'எந்த ஆண்டு வந்தீர்கள்?': நான் எழுதிய ஒரு தப்பான கேள்வி

அகதிகள், புலம்பெயர்ந்தோரின் உடல்நலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022 ஜூலையில் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகில் எட்டில் ஒருவர் ஏதோ ஒரு வகையில் இடம்பெயர்ந்தவராம். ஆனால் இவர்களைப் பற்றி ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க தரவு போதவில்லை என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. 2023-ல் இதற்கென்றே ஒரு ஆய்வுத் திட்டமும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் தரவு குறைவு என்பது பாதிப் பிரச்சினை. எடுக்கிற தரவை எப்படி எடுக்கிறோம் என்பது மீதி. அந்த மீதியில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருஷம் முன்னால், தெரிந்த மாணவர் ஒருவர் மதுரைப் பக்கம் உள்ள ஒரு இலங்கைத் தமிழர் முகாமில் மனநல சர்வே எடுத்தார். டேப்லெட்டில் ஓடும் படிவத்தை எழுதிக் கொடுத்தது நான். "இந்தியாவுக்கு எந்த ஆண்டு வந்தீர்கள்?" என்ற கேள்விக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. முதல் நாள் நானும் கூடப் போனேன். இருபது வயசு தாண்டிய ஒரு பெண் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "நான் எங்கயிருந்தும் வரேல்லையே அண்ணா. இஞ்ச பெரியாஸ்பத்திரியிலதான் பிறந்தனான்."

மாணவர் என்ன செய்வார், பாவம்? பிறந்த வருஷத்தையே வந்த வருஷமாகப் போட்டார். படிவமும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. 'அகதியாக வாழ்ந்த ஆண்டுகள்' என்ற கணக்கில் அந்தப் பெண்ணின் வயசு அப்படியே வந்து உட்கார்ந்தது.

சட்டப்படி பார்த்தால் அது தப்புகூட இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. ஆய்வுப்படி அது பெரிய தப்பு. 1990-ல் படகில் வந்து இறங்கிய அம்மாவையும், மதுரையில் பிறந்த மகளையும் ஒரே காலத்தில் போட்டுக் கலக்கிவிட்டேன். அம்மாவுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் போராக இருக்கலாம். மகள் போரையே பார்த்ததில்லை. பத்துக்குப் பத்து வீடு, பட்டம் வாங்கியும் அரசு வேலைக்கு மனுப் போட முடியாத நிலை என்று அவருக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். அதையெல்லாம் நாங்கள் கேட்கவே இல்லை.

அடுத்தது நேரம். காலை பத்து மணிக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பினோம். அந்த நேரத்தில் முகாமில் பெண்களும் வயசானவர்களும்தான் இருந்தார்கள். ஆண்களில் நிறையப் பேர் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தார்கள். நாள் முழுக்கப் பெயிண்ட் வாசனையில், சாரத்தில் நிற்கிறவருடைய உடம்பு எங்கள் ஆய்வில் இல்லவே இல்லை. 'தணிக்கை நாளில் எல்லாரும் இருப்பாங்க, அன்னைக்குப் போகலாமே' என்று ஒரு யோசனை வந்தது. மாதப் பணக்கொடை அந்தத் தணிக்கையைச் சார்ந்தது. அதிகாரி மேஜைக்குப் பக்கத்தில் நின்று "சம்மதமா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்? நல்லவேளை, போகவில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேலேயும் ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

மூன்றாவது, தலைப்பு. தமிழ்நாட்டில் முகாம்களுக்குள் சுமார் 58,000 பேர் என்றால், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்கிறவர்கள் சுமார் 34,000 பேர். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று ஒரு முகாமுக்குப் போய்விட்டு 'தமிழகத்தில் இலங்கை அகதிகள்' என்று தலைப்பு வைப்பது நியாயமில்லை.

சரி, அரசுத் தரவில் தேடலாமா? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) மதம், சாதி எல்லாம் உண்டு. அகதியா என்ற கேள்வி கிடையாது. பிக்மி எண், மக்களைத் தேடி மருத்துவம் போன்றவற்றில் 'அகதி' என்று ஒரு காலம் சேர்ப்பது என் மாதிரி ஆளுக்கு ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்தக் காலத்தை நாளைக்கு யார் திறந்து பார்ப்பார்கள்? நாடு விட்டு நாடு வந்தவர்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். ஆள்வாரியாகக் குறிக்காமல், முகாம்வாரியான மொத்த எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டாலே பாதி ஆய்வு நடக்கும். இத்தனை பேரில் இத்தனை பேருக்குச் சர்க்கரை என்று சொல்ல, முதலில் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே.

2023 திட்டத்தின் ஐந்து கருப்பொருள்களில் ஒன்று, ஆய்வை நடைமுறைக்குக் கொண்டுபோவது. எங்கள் கதையில் மாணவருக்குப் பட்டம் கிடைத்தது. முகாமுக்கு ஒரு தாள்கூடத் திரும்பிப் போகவில்லை. நானும் போகவில்லை.

போன வாரம் அந்தப் பழைய படிவத்தைத் திறந்து திருத்தினேன். முதல் கேள்வி இப்போது "எங்கே பிறந்தீர்கள்?" வந்த ஆண்டுக்கு இருந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சமர்ப்பித்த ஆய்வேட்டில் மட்டும், அந்தப் பெண் இன்னமும் பிறந்த வருஷத்தில் எங்கிருந்தோ வந்தவராகத்தான் இருக்கிறார்.