தறியும் 'குடும்பத் தலைவரும்'

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை, சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன நெசவூர். இக்கரை முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேர்கிறது. மணமகன்தான் அங்கே குடிபுகுகிறான். ஆகவே தறி நிற்கும் மனை அவளுடையது. நூலோ முதலாளியுடையது. கூலிக்கு நெய்பவளின் வறுமைக்கு வேர் இதுவே.

1995இல் தொடங்கிய சமுர்த்தி முதலாகச் சுயதொழில் உதவி பல பெயர்களில் வந்தது. நாம் கண்டவரை, எல்லாம் கடனில் வந்தே முடிகின்றன. நூலைக் கட்டுப்படியான விலைக்குக் கொடுக்கவும், நெய்ததை வாங்கவும் கூட்டுறவு ஒன்று வேண்டும் என்றால், கையில் கடன் விண்ணப்பத்தைத் தருகிறார்கள்! வங்கி ஏற்காதவள் நுண்கடன்காரரிடம் போகிறாள். அந்த வழி எங்கே முடிந்தது? 2018இல், வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தீர்க்க அரசே முன்வர வேண்டியதாயிற்று.

கடன் என்றால் அவள் பெயர். உடைமை என்றால்? 2004 சுனாமி வீடுகளை அள்ளிச் சென்றபின், கிழக்கில் கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றின் உரிமை, 'குடும்பத் தலைவர்' என்னும் ஒரு சொல்லால் ஆணுக்குப் போயிற்று. தாய்வழி வந்த மனையை இழந்தவளிடம், மறு கடனுக்கு ஈடு கேட்கிறார்கள். அந்தப் படிவத்தை எழுதிய அதிகாரி, இக்கரையில் எந்த வீட்டு வாசலிலாவது நின்று, "இது யார் வீடு?" என்று கேட்டிருக்கலாம்.