விசிறி ஓய்ந்த மாளிகையும் விறைத்து நின்ற கோவலரும்

கோடை ஏன் முடிகிறது? பஞ்சாங்கத்தைக் கேட்டால், கத்திரி கழிந்தது என்னும். கத்திரி ஏன் வந்தது என்று கேட்டால், காண்டவ வனத்தை அக்கினி தேவன் தின்ற கதையைச் சொல்வர் புராணிகர். தலையாட்டிக் கேட்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். எங்கள் வாழப்பாடியில் கதிரவன் உச்சிக்கு நேராக நிற்பது ஆண்டுக்கு இருமுறை: சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் மறுமுறை. அதே கதிரவன், அதே உயரம். ஆயினும் சித்திரைபோல் ஆவணி சுடுவதில்லை. இடையே தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடுகிறது; முகில் வெயிலை மறைக்கிறது; ஈரமண் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. தேவனின் பசி அடங்கியதால் அன்று, காற்றும் நீரும் கூடியதால் கோடை முடிகிறது!

பருவத்தைக் கதையால் அளக்காது கண்ணால் அளக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையைப் பாருங்கள். 188 அடிகளில் நக்கீரர் பாடிய அப்பாட்டில் வானம் எழுகிறது, வளைகிறது, பொழிகிறது. மழை பெய்விக்க எந்தத் தேவனும் அழைக்கப்படவில்லை. வேனிற்காலத்தில் தென்றலை வரவேற்ற மாடத்துச் சாளரங்கள் தாழிடப்படுகின்றன. கைவல்லோன் செய்த விசிறி சுருங்கித் தொங்க, அதில் சிலந்தி நூல் பின்னுகிறது. குளிர்ந்த நீரைத் தீண்டுவாரில்லை. நெருப்புச் சட்டியை நாடுகின்றனர். கோடை போயிற்று என்று கூறாமலே கூறிவிட்டார் புலவர்! கதிரவன் தெரியாத மாலையில் பிச்சியரும்பு மலர்ந்து மணக்கக் கண்டே மகளிர் விளக்கேற்றுகின்றனர். நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர், உண்மைதான். ஆனால் பொழுதை அறிவித்தது தெய்வமன்று, பூ!

எனினும் பாராட்டோடு நின்றால் அது திறனாய்வாகாது. இப்பாட்டு மன்னனிடம் தொடங்கவில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை வேற்றுநிலத்துக்கு ஓட்டிச் சென்ற கோவலரிடம் தொடங்குகிறது. சூடிய காந்தள் நனைந்து குலைய, கொள்ளிக்கட்டையில் கை காய்ச்சிக் கன்னம் நடுங்க நிற்கின்றனர் அவர்கள். சில அடிகளில் மறைந்தும் போகின்றனர். பிறகு அரண்மனை, தந்தக் கட்டில், அரசியின் கண்ணீர்! உரைகாரரோ, வேம்பு சூடிய வேல் பாண்டியனைச் சுட்டுவதால் இப்பாட்டு அகமா புறமா என ஆராய்ந்தனர். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அரசனின் அடையாளத்தைத் தேடியவர்கள், குளிரில் நின்ற கோவலரைத் தேடினரா?

பருவம் அனைவர்க்கும் பொது என்பது பாதி உண்மை. ஒரே வாடை, மாளிகையில் சாளரத்தை மூடச் செய்தது. மேட்டு நிலத்தில் பல்லைக் கிட்டச் செய்தது. இன்றும் அதே கதைதான். எங்கள் வட்டாரத்தில் சவ்வரிசி உலர்த்தும் களத்தில் வெயிலை நம்பிக் கூலி பெறுவோர் உளர். வானம் இருண்டால் கவிஞர்க்குக் களிப்பு. களத்தில் நிற்பவர்க்கு அன்றைய அடுப்பு பற்றிய கவலை.

எழுத விழையும் இளைஞர்களே! மழையைப் பாடுங்கள், தடையில்லை. நக்கீரரின் கூர்ந்த கண்ணைக் கடன் கொள்ளுங்கள். ஆனால் அவர் பாட்டின் வாயிலிலேயே விட்டுச்சென்ற கோவலரை நீங்கள் இறுதி அடிவரை அழைத்துச் செல்லுங்கள்!