டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளிக்கூடம்

ஒரு கேள்வி. யுத்தம் முடிந்துவிட்டது. உங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த எதிரிப்படை ஓடியே போய்விட்டது. போகிற அவசரத்தில் ஒரு டாங்கி, சில லாரிகள், சில குதிரைகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஊரில் வீடுகள் இடிந்து கிடக்கின்றன. சாப்பாட்டுக்கே திண்டாட்டம். டாங்கியையும் குதிரைகளையும் விற்றால் கையில் காசு வரும். அந்தக் காசை என்ன செய்வீர்கள்?

ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளலாம். கோயிலைச் செப்பனிடலாம். ‘முதல்ல ரோட்டைப் போடுங்கப்பா’ என்று யாராவது குரல் கொடுக்கலாம்.

1945-ல், வட இத்தாலியில், ரெஜியோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செல்லா என்ற கிராமத்து மக்கள் அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதுவும் அரை டிக்கெட் வாங்குகிற வயதுகூட ஆகாத வாண்டுகளுக்கு!

ஒரு விவசாயி நிலத்தைச் சும்மா கொடுத்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து செங்கல்லும் மரமும் பொறுக்கினார்கள். மணல் ஆற்றிலிருந்து வந்தது. வேலை நேரம் போக ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் ஊரே கூடிச் சுவர் எழுப்பியது. செய்தி கேட்டு, லோரிஸ் மலகுஸி என்ற 25 வயசு வாத்தியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு பார்க்க வந்தார். வந்தவர் 1994-ல் சாகிறவரை இந்த வேலையை விடவே இல்லை.

இந்தக் கதையை விரிவாகச் சொல்கிற புத்தகம், ‘தி ஹண்ட்ரட் லாங்வேஜஸ் ஆஃப் சில்ட்ரன்’. ‘குழந்தைகளின் நூறு மொழிகள்’ என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். கரோலின் எட்வர்ட்ஸ், லெல்லா கண்டினி, ஜார்ஜ் ஃபோர்மன் மூவரும் தொகுத்து, 1993-ல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1991-ல், ‘நியூஸ்வீக்’ பத்திரிகை உலகின் தலைசிறந்த பத்துப் பள்ளிகளைப் பட்டியல் போட்டபோது, ரெஜியோவின் ‘டயானா’ என்கிற பாலர் பள்ளியும் அதில் இருந்தது. உலகமே அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. ‘இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு வந்த பதில்தான் இந்தப் புத்தகம்.

பதில் பிரமாதமான பதில்தான். டைனோசர் பற்றிய ஓர் அத்தியாயம் போதும். குழந்தைகளுக்கு ஒரு டைனோசரை நிஜ அளவில் பார்க்க ஆசை. நீளம் 27 மீட்டர் என்று தெரிகிறது. 27 மீட்டர் என்றால் எவ்வளவு? டீச்சர் சொல்லித் தந்துவிடவில்லை. பிள்ளைகளே அளந்து, தப்புப் பண்ணி, சண்டை போட்டு, வகுப்புக்குள் இடம் பத்தாமல் வெளியே வந்து, கடைசியில் தரையிலேயே அதை வரைந்து முடிக்கிறார்கள். டீச்சர் பக்கத்தில் இருந்து கவனிக்கிறார், குறிப்பெடுக்கிறார், சரியான நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். படித்தபோது, இப்படி ஒரு இடத்தில் நாமும் நாலு வயசில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாகவே இருந்தது.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? சொல்கிறேன்.

பி.காம் படித்தவனுக்கு எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் ஒரு கெட்ட பழக்கம். ‘சரி, காசு எங்கேருந்து வந்தது? முடிவு யார் கையில இருந்தது?’ என்று தேடுவான். நானும் தேடினேன். பணக் கணக்கு அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. முடிவு யார் கையில் என்பதற்கு மட்டும் ஓர் அத்தியாயம் உண்டு. செர்ஜியோ ஸ்பஜ்ஜாரி எழுதியது. பெற்றோர், ஆசிரியர், ஊர்க்காரர் மூன்று தரப்பும் உட்கார்ந்து பள்ளியை நிர்வகிக்கிற குழுக்களைப் பற்றியது. படம் இல்லை, டைனோசர் இல்லை. பெரும்பாலானவர்கள் புரட்டிவிட்டுப் போகிற பக்கங்கள். என்னைக் கேட்டால், புத்தகத்தின் முதுகெலும்பே அங்கேதான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். டாங்கி விற்ற காசு சுவரோடு சரி. அப்புறம் மாசா மாசம் யார் பார்த்துக்கொண்டார்கள்? பெற்றோர்தான். செல்லாவைப் பார்த்து, நகரத்தின் ஏழைப் பகுதிகளிலும் இப்படிப் பள்ளிகள் முளைத்தன. எல்லாம் பெற்றோரே கட்டி, பெற்றோரே நடத்தியவை. வயலுக்கும் ஃபேக்டரிக்கும் போகிற அம்மாக்கள், பெண்கள் சங்கத்தில் சேர்ந்து விடாமல் போராடினார்கள். அதுவரை இத்தாலியில் சின்னக் குழந்தைகளின் படிப்பு பெரும்பாலும் கிறிஸ்தவ மடங்களின் பொறுப்பு. ‘இது எங்கள் நகராட்சியின் கடமை’ என்று இந்த மக்கள் கேட்டுக் கேட்டு, ரெஜியோ நகராட்சி தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது 1963-ல். பெற்றோர் நடத்திய பள்ளிகளை நகராட்சி ஏற்றுக்கொண்டது 1967-ல். டாங்கி விற்றதிலிருந்து கணக்குப் போட்டால் 22 வருஷம்!

கவனியுங்கள். நகராட்சி எடுத்துக்கொண்ட பிறகும் ஊர்க்காரர்கள் ‘அப்பாடா’ என்று வீட்டுக்குப் போய்விடவில்லை. குழுவில் உட்கார்ந்தார்கள். மேயர், டீச்சர், அம்மா, அப்பா, சமையல்காரர் என்று ஆளுக்கொரு குரல். குழந்தை வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டுவதிலிருந்து பட்ஜெட் வரை பேசினார்கள். டைனோசர் அந்த மண்ணில்தான் முளைத்தது.

ஆனால் புத்தகத்தை மூடும்போது நம் மனசில் நிற்பது யார்? மலகுஸி. அப்புறம் அழகழகான ஓவியங்கள். செங்கல் பொறுக்கிய பெண்கள் மங்கலாகிவிடுகிறார்கள். மலகுஸி தன் பேட்டியில் அவர்களுக்குரிய பெருமையைத் தாராளமாகக் கொடுக்கிறார். தொகுத்த விதத்தில்தான் மேதை முன்னால் வந்து, ஊர் பின்னால் போய்விட்டது. இது என் மனத்தாங்கல்.

இது ஏதோ இத்தாலிக்காரர்களின் வீட்டுப் பிரச்னை என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால் சென்னையில் இன்றைக்கு ‘ரெஜியோ இன்ஸ்பயர்டு’ என்று போர்டு வைத்த ப்ளே ஸ்கூல்கள் இருக்கின்றன. உள்ளே போனால் மர பொம்மை, கண்ணாடி, விளக்கு எரிகிற மேஜை, கூடை நிறையக் கூழாங்கல். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அங்கே வேலை பார்க்கிற டீச்சர்கள் பலர் நிஜமாகவே அக்கறையானவர்கள். அதையும் மறுக்கவில்லை. ஆனால், பெற்றோர் கூட்டத்தில் ‘டீச்சருக்கு என்ன சம்பளம் தர்றீங்க? அடுத்த வருஷம் ஃபீஸை எதுக்கு ஏத்தறீங்க?’ என்று ஒரு அப்பா எழுந்து கேட்டால் என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும்.

நாம் அங்கே கஸ்டமர். செல்லாவில் அந்தப் பெற்றோர் முதலாளி. கஸ்டமருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். முதலாளி அப்படிப் போக முடியாது; உட்கார்ந்து சரி பண்ணித்தான் ஆக வேண்டும். கூழாங்கல்லை இறக்குமதி செய்துவிட்டோம். அந்த முதலாளி நாற்காலியை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டோம்.

‘அதெல்லாம் இத்தாலியில நடக்கும் சார், நம்ம ஊர்ல எவன் வருவான்?’ என்கிறீர்களா?

வந்திருக்கிறார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊர்க்காரர்கள் தந்த அரிசியும் பருப்பும் காசும் அதில் சேர்ந்துதான் உலை கொதித்தது. பிறகு, கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ‘எங்க பள்ளிக்கூடத்துக்கு நாங்க தர்றோம்’ என்று பெஞ்சு, கடிகாரம், சீருடை, நிலம் என்று ஊர் ஊராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மிராசுதாரும் கொடுத்தார், கூலிக்காரரும் கொடுத்தார். நம் தாத்தா பாட்டிகள் செய்ததுதான். ஒரே வித்தியாசம், நாம் கொடுத்தோம். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். குழுவில் போய் உட்காரவில்லை.

1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுக்க வெறும் 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது அங்கன்வாடித் திட்டம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேல் மையங்கள். செல்லாக்காரர்கள் 22 வருஷம் போராடி வாங்கிய விஷயம், நமக்குத் தெருமுனையிலேயே இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், முட்டை இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, ‘இது எங்களோடது’ என்று சொல்கிற ஊர். குரல் உள்ளவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ப்ளே ஸ்கூலுக்குப் போய்விட்டோம். மிச்சமிருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிற அம்மாக்கள். கழிவறைக்குக் கதவு இல்லை என்று புகார் சொல்லப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும் அவர்களுக்கு.

கவுன்சிலர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மளிகைக் கடை அண்ணாச்சி, மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, பள்ளிவாசல் ஜமாத்காரர், சர்ச் ஃபாதர், கோயில் தர்மகர்த்தா. உங்கள் தெருவிலேயே இத்தனை பெரிய மனுஷர்கள். கும்பாபிஷேகத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் இவர்கள் ஒன்றாக உட்கார்கிறார்கள். மாசத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு மணி நேரம், அங்கன்வாடிப் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ‘டீச்சரம்மா, உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் போதும். பதிலைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த மாசம் வரும்போது ‘ஆச்சா?’ என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆரம்பம்.

புத்தகத்தை அவசியம் படியுங்கள். டைனோசரை ரசியுங்கள். ஆனால், ஸ்பஜ்ஜாரியின் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள்.

படித்து முடித்த கையோடு உங்கள் தெரு அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று விசாரியுங்கள். தெரியவில்லை என்றால், பக்கத்து வீட்டில் வேலை செய்கிற அக்காவைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.